சிலபஸை யார் முடிவு பண்றாங்க? ஒரு போர்ட் ஆஃப் ஸ்டடீஸ் மீட்டிங்கில் நான் தலையாட்டிய கதை

நம்ம பாட்காஸ்ட்டுக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "அண்ணா, காலேஜ் சிலபஸ் ஏன் இவ்ளோ பழசா இருக்கு? இதையெல்லாம் யார்தான் முடிவு பண்றாங்க?" நானும் படிக்கும்போது இதே கேள்வியைக் கேட்டுத் திட்டினவன்தான். சில மாதங்களுக்கு முன்னாடி, அதை முடிவு பண்ற அறைக்குள்ளயே போய் உட்கார ஒரு வாய்ப்பு கிடைச்சது. இன்னைக்கு அந்தக் கதை. இதுல நான் ஹீரோ இல்லைன்னு முதல்லயே சொல்லிடுறேன்.

நான் படிச்சப்ப எங்க காலேஜ் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. சிலபஸ் பல்கலைக்கழகத்துல இருந்து வரும், எங்க வாத்தியார்கள் நடத்துவாங்க, அவ்வளவுதான். எங்களுக்கு 2013 ரெகுலேஷன். முதல் வருஷத்துல சி புரோகிராமிங். 2017 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர் பாடம் பைத்தானா மாறிச்சு. ஜூனியர் பசங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

இப்ப அது தன்னாட்சிக் கல்லூரி, நம்ம பாஷைல அட்டானமஸ். பட்டம் பல்கலைக்கழகம்தான் கொடுக்கும். ஆனா பாடத்திட்டம், தேர்வு, மதிப்பீட்டு விதி எல்லாத்தையும் கல்லூரியே வகுத்துக்கலாம். அதுக்கு ரெண்டு முக்கியமான குழுக்கள் இருக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு போர்ட் ஆஃப் ஸ்டடீஸ், அதாவது பாடத்திட்டக் குழு. அதுக்கு மேல கல்லூரி முழுக்க ஒரு அகடமிக் கவுன்சில்.

பாடத்திட்டக் குழுவில் யார் யார் இருக்கணும்னு யுஜிசி சொல்லியிருக்கு. துறைத்தலைவர்தான் தலைவர். துறை ஆசிரியர்கள், வெளிப் பல்கலைக்கழகத்து நிபுணர்கள் ரெண்டு பேர், துணைவேந்தர் நியமிக்கிற ஒருத்தர், தொழில்துறையில இருந்து ஒருத்தர், முதுநிலை முடிச்ச முன்னாள் மாணவர் ஒருத்தர். என்கிட்ட இருக்கிறது வெறும் பி.இ. அதனால தொழில்துறை பிரதிநிதி நாற்காலியில என்னை உட்கார வெச்சாங்க.

நான் முழு வீச்சுல தயாரானேன். கம்பைலர் டிசைனைக் கட்டாயப் பாடத்துல இருந்து தூக்கணும், அந்த இடத்துல கிளவுட், டெவ்ஆப்ஸ், கிட் எல்லாம் வரணும். 12 ஸ்லைடு போட்டேன்.

மீட்டிங்ல பேசி முடிச்சதும், வெளியில இருந்து வந்திருந்த ஒரு பெரிய பேராசிரியர் பொறுமையா ஆரம்பிச்சார். "தம்பி, நல்லா பேசினீங்க. சேர்க்கிறது ஈஸி. 160 கிரெடிட்டுக்குள்ள எதை எடுக்கிறதுங்கிறதுதான் பிரச்சினை."

அந்த 160 என்ன கணக்குன்னா, ஏஐசிடிஇ 2018ல வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்துல நாலு வருஷ பொறியியல் படிப்புக்குச் சொன்ன அளவு அது. வாரத்துக்கு 1 மணி நேர வகுப்புன்னா 1 கிரெடிட். லேப்னா 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட். ஆக, புதுசா ஒண்ணு உள்ள வந்தா பழசு ஒண்ணு வெளியே போகணும்.

அப்புறம் வரிசையா கேள்விகள். கேட் தேர்வுல கம்பைலர் டிசைன் இருக்கே, எம்.டெக். போக நினைக்கிற பையன் என்ன பண்ணுவான்? கிளவுட் பாடத்தை எடுக்க நம்மகிட்ட எத்தனை ஆசிரியர்கள் தயாரா இருக்காங்க? நீங்க சொல்ற டூல் அஞ்சு வருஷம் கழிச்சும் இருக்குமா? ஏற்கெனவே அந்தப் பாடத்துல அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கு எதைச் சமமான பாடமா காட்டுவீங்க? கடைசிக் கேள்வி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோட கவலைன்னு எச்ஓடி சொன்னார்.

ஒண்ணுக்கும் என்கிட்ட நேரான பதில் இல்ல. அரை மணி நேரம் பேசி, கம்பைலர் அப்படியே இருக்கட்டும், அதோட லேப்பைப் பாதியாக்கி, கிடைக்கிற 1 கிரெடிட்ல கிட், டெஸ்டிங், டெப்ளாய்மென்ட்டுக்கு ஒரு லேப் வைக்கலாம்னு முடிவாச்சு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனா ஆபீஸ்ல என் கோடை யாராவது ரிவ்யூ பண்ணும்போது கேட்கிற கேள்விகளும் இப்படித்தானே இருக்கும்? "இதை மாத்தினா வேற எது உடையும்?"

என் வேலை முடிஞ்சதுன்னு காபியை எடுத்துக்கிட்டேன். அப்பதான் அடுத்த விஷயம் வந்தது.

கல்லூரி ரெகுலேஷன்ல ஒரு திருத்தம். அதை ஏத்துக்க வேண்டியது அகடமிக் கவுன்சில், ஆனா கருத்துக்காக எங்க குழுவுக்கும் அனுப்பியிருந்தாங்க. ஒரே வரி: முன்தேவைப் பாடத்தில் தேர்ச்சி பெறாத மாணவர் அடுத்த பாடத்துக்குப் பதிவு செய்ய இயலாது. கணிதம் ஒண்ணுல பாஸ் ஆனாத்தான் கணிதம் ரெண்டு. எச்ஓடி காரணமும் சொன்னார். அடிப்படையே இல்லாம வந்து உட்கார்றாங்க, வகுப்பு எடுக்கிறவங்க திணர்றாங்கன்னு. நியாயமான காரணம். எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

கடைசி வரிசையில ஒரு உதவிப் பேராசிரியை. அந்த அறையில இருந்த ஆசிரியர்கள்லயே வயசுல சின்னவங்க. "சார், ஒரு டவுட்டு"ன்னு எழுந்தாங்க. "எம்-டூ நாம ஈவன் செமஸ்டர்ல மட்டும்தான் நடத்துறோம். முதல் செமஸ்டர்ல எம்-ஒன் போச்சுன்னா, அந்தப் பையன் அரியரை அடுத்த தேர்வுலயே முடிச்சாலும் எம்-டூ படிக்க நாலாவது செமஸ்டர் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கப்புறம் வர்ற கணக்குப் பேப்பர் எல்லாமே ஒரு வருஷம் தள்ளிப்போகும். நடுவுல இன்னொரு தடவை சறுக்கினா நாலு வருஷத்துல முடிக்கிறதே சந்தேகம் சார்."

அறை அமைதியாச்சு. எனக்கு என் ரூம்மேட் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முதல் செமஸ்டர்ல கணக்கு அவனுக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்குதுன்னு புரியல. எம்-ஒன் போச்சு. ஒவ்வொரு செமஸ்டரும் எழுதி, ஏழாவது செமஸ்டர்ல முடிச்சான். நடுவுல மற்ற பேப்பரெல்லாம் பாஸ், கேம்பஸ்ல வேலையும் வாங்கிட்டான். இன்னைக்கு எனக்கு ஒரு பக் புரியலைன்னா அவனுக்குத்தான் போன் பண்றேன். இந்த விதி அன்னைக்கு இருந்திருந்தா, அவன் எம்-டூ வகுப்புக்குள்ள கால் வைக்கவே எட்டாவது செமஸ்டர் ஆகியிருக்கும். அவன் வீட்டு நிலைமைக்கு அஞ்சாவது வருஷம்னு ஒண்ணு கிடையாது. படிப்பை விட்டுட்டுப் போயிருப்பான்.

அந்த விதிக்குத்தான் நான் காபி குடிச்சுக்கிட்டே தலையாட்டினேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். அஜெண்டா பத்து நாளைக்கு முன்னாடியே மெயில்ல வந்திருந்தது. 80 பக்கத்துக்கு மேல. நான் திறந்து பார்த்தது என் ப்ரொபோசல் இருந்த பக்கத்தை மட்டும். அந்த மேடம் எல்லாப் பக்கத்தையும் படிச்சிருந்தாங்க. துறையோட ரிசல்ட்டையும் கையில வெச்சிருந்தாங்க.

கடைசியில குழு எழுதி அனுப்பின கருத்து இது: முன்பாடத்துல பாஸ் ஆகியிருக்கணும்னு வேண்டாம், வகுப்புக்கு வந்து தேர்வு எழுதியிருந்தா போதும், ஃபெயில் ஆனவங்களுக்கு மாலையில தனி வகுப்பு வைக்கணும். அகடமிக் கவுன்சில் ஒரு குழுவோட பரிந்துரையை ஏத்துக்கலாம், திருத்தலாம், காரணம் சொல்லித் திருப்பியும் அனுப்பலாம். இது திருத்தத்தோட போய் நிறைவேறிடுச்சுன்னு எச்ஓடி அப்புறம் சொன்னார்.

சிலபஸ்ல என்ன இருக்குன்னு நாம நிறைய சண்டை போடுறோம். ஆனா ஒருத்தன் டிகிரி முடிப்பானா மாட்டானாங்கிறதை, இந்த மாதிரி யாரும் படிக்காத ஒரு வரி முடிவு பண்ணிடுது. அந்த யுஜிசி பட்டியலைத் திரும்பப் பாருங்க. இப்ப படிச்சுக்கிட்டு இருக்கிற மாணவருக்குன்னு அதுல நாற்காலி இல்ல. ஹாஸ்டல் வாழ்க்கையை விட்டு வந்து அதிக வருஷம் ஆகாத ஆள் நான்தான். நானே மறந்துட்டேன்.

நீங்க ஒரு தன்னாட்சிக் கல்லூரியில படிக்கிறீங்கன்னா ரெண்டு விஷயம். உங்க துறையோட அடுத்த மீட்டிங் எப்பன்னு எச்ஓடிகிட்ட கேளுங்க; எந்த விதி இடிக்குதுன்னு அதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பழக்கமான ஒரு வாத்தியார்கிட்ட சொல்லுங்க. மீட்டிங் அன்னைக்கு யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ரெண்டாவது, நாக் அங்கீகாரத்துக்காக மாணவர் கருத்து வாங்குறாங்களே, அந்த ஃபார்ம்ல எல்லாத்துக்கும் 'எக்ஸலண்ட்' டிக் பண்ணிட்டு கேன்டீனுக்கு ஓடாதீங்க. நான் நாலு வருஷமும் அப்படித்தான் ஓடினேன்.

அடுத்த மீட்டிங்குக்கு எனக்கு அழைப்பு வந்திருக்கு. இந்தத் தடவை ஸ்லைடு எதுவும் கிடையாது. அஜெண்டாவை பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். ரூம்மேட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கேன். 34ஆவது பக்கத்துல ஒரு கேள்வி இருக்குன்னு நேத்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தான்.