பேசாலைத் துறையில் நாங்கள் கண்டவை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



திருக்கேதீச்சரத்துக்கு யாத்திரை போன பிள்ளைகள் மீன் வாடியில் ஏன் ஒரு நாள் முழுதும் தங்கினார்கள் என்று பெரியோர் சிலர் எங்களைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. விரதங் காத்துப் புறப்பட்டவர்கள் மீன் மணத்தோடு வீடு திரும்பினால் தாய்மார் முகஞ் சுளிப்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று சபையின் முன் நிற்கின்றோம்.

மாத்தளையிலிருந்து வடக்கே நாலந்தா, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மன்னார். பஸ்ஸில் ஏறி உறங்கி விழித்தால் கடற்கரை வந்துவிடுகிறது. இதே வழியைத்தான் கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் எதிர்த் திசையில் கால்நடையாக நடந்து வந்தார்கள். இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்டவர்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடும் குளமும் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1914இல் தலைமன்னாருக்கு றெயில் வந்தது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு என்று நினைவு கூர்ந்து, ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் நமது மாத்தளையில்தான் முடிவுற்றது. நாம் வந்திறங்கிய கரையில் இன்று யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை அன்றே எங்களில் பலருக்கு உண்டாயிற்று.

திருக்கேதீச்சரத்தைப் பற்றி இம்மலரில் முன்னரும் எழுதியுள்ளார்கள், ஆகவே விரிக்கவில்லை. பாலாவியில் நீராடித் தரிசனம் செய்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அந்தத் தலம் நின்ற மாதோட்டம், அக்காலத்தில் மரக்கலங்கள் வந்து தங்கிய பெருந்துறை. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த அறைகூவலுக்குப் பின்னரே அது மீண்டும் எழ வழி பிறந்தது. மாதோட்டத்தில் இன்று கப்பலைக் காண முடியாது. துறை என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமாயின் பாலங் கடந்து தீவுக்குள் போகவேண்டும்.

பேசாலை மன்னார்த் தீவின் வடகரையிலே, மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் உள்ளது. பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர். கடலுக்குப் போகுமுன் அவர்கள் மாதாவை வேண்டுகின்றார்கள். நாம் மலையிலே மாரியம்மனை வேண்டுகின்றோம். இரு தாய்மாரிடமும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான், போனவன் திரும்பி வரவேண்டும் என்பது.

விடியுமுன் கரைக்குப் போய்விட்டோம். இரவு வலை விடப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மரத்தால் ஆன பழைய வள்ளங்கள் குறைந்து, இப்போது பைபர் படகும் வெளியிணை எந்திரமுமே மிகுதி. படகு மணலைத் தொட்டதும் ஆணும் பெண்ணும் பிள்ளையும் சூழ்ந்து நின்று வலையைக் கழற்றத் தொடங்கினார்கள். நண்டைக் கால் முறியாமல் வலையிலிருந்து எடுப்பது ஒரு வித்தை. எங்களில் ஒருவர் முயன்று விரலில் கடி வாங்கியதுதான் மிச்சம்; அங்கிருந்த சிறுமி ஒருத்தி அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது. பக்கத்திலேயே மீன் கூறி விற்கிறார்கள். பாரை, சீலா, கட்டா, திருக்கை எனக் குவித்து வைத்து விலை கூறும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. விலை நிர்ணயம் ஆனதும் கொழும்புக்குப் போகும் லொறியில் ஐசோடு ஏறிவிடுகிறது. விலைப்படாதது பிளந்து உப்பிட்டு வெயிலில் காய்கிறது. லயத்து அடுப்பிலே சுடும் கட்டாக் கருவாடு இந்த மணலிலிருந்துதானே வந்தது என்று அப்போதுதான் நினைத்தோம்.

தீவின் இரு பக்கமும் கடல். வடக்கே பாக்குக்குடா, தெற்கே மன்னார்க்குடா. அவர்கள் வடகடல், தென்கடல் என்கிறார்கள். சோளகக் காற்று எழும்போது தென்கடல் குமுறும், வடகடல் அடங்கும். வாடைக்காற்று வந்தால் நிலைமை மாறும். அதற்கேற்பத் தொழிற்கரையும் மாறும். வயோதிபர் ஒருவர் முகத்தைத் திருப்பிக் கன்னத்தில் காற்றை வாங்கியே அன்றைய கடலைச் சொன்னார். நாங்கள் போனது சோளகம் வீசிய காலம். ஆகவே வடகடலே அவர்களுக்குச் சோறு போடும் கடல். ஆனால் அந்தக் கடலில்தான் துன்பமும் இருக்கிறது.

வாரத்தில் மூன்று இரவு அவர்களிற் பலர் வலை விடுவதில்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரும் இரவுகள் அவை. இழுவை வலை என்பது பெரியதொரு பை. வாயை இரு பலகைகள் விரித்துப் பிடிக்க, பாரம் கட்டிய அடிப்பகுதி கடலடியை உரசிக்கொண்டு போகும். பெருமீன், குஞ்சு, முட்டை, கடற்புல் என்ற பேதமின்றி எல்லாம் பைக்குள் சேரும். வழியில் சிறு தொழிலாளி விட்ட வலை அகப்பட்டால் அதுவும் கிழிந்து போகும். விடியலில் மிதவைக் கட்டைகளை மாத்திரம் பொறுக்கிக்கொண்டு வருபவன், கடனுக்கு வாங்கிய வலைக்கு என்ன செய்வான்? எந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. போர்க் காலத்தில் கடலுக்குப் போகத் தடை. 2009இல் போர் முடிந்து கடல் திறந்தபோது அங்கே இழுவைப் படகுகள் வேரூன்றி நின்றன.

1974இலும் 1976இலும் இரு அரசுகள் கடலில் எல்லை வகுத்தன. 2017இல் நமது நாட்டில் அடிமடி இழுவைத் தொழில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அச்சட்டம் அயலவரை மாத்திரம் குறித்ததன்று. பேசாலையிலேயே இழுவைப் படகு வைத்திருந்தோரும் உண்டு. இதையும் மறையாமல் சொல்வதே முறை.

இங்கே எங்கள் மனம் இரண்டுபட்டது. அந்தப் படகுகள் வருவது இராமேசுவரம் முதலிய கரைகளிலிருந்து. அது நம் பாட்டன்மார் தோணியேறிய சீமை. கடற்படை பிடித்துச் சிறையில் வைப்பவர்களும் பெரும்பாலும் கூலிக்கு வலை இழுப்பவர்கள். படகுக்கு உடையவர் கரையிலே இருக்கிறார். கூலி என்றால் என்னவென்று மலையகத்தாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும், உறவு கருதி வாய் மூடி இருப்பது சரியென்று எங்களுக்குத் தோன்றவில்லை. சிறையிலுள்ள கூலியாளுக்காக இரங்குவோம். அடிமடி வலை அக்கரையில் விட்டாலும் இக்கரையில் விட்டாலும் தவறு என்போம்.

மீன் ஒழிந்தால் ஊர் என்னாகும் என்பதற்குப் பிரான்சு தேசத்தின் பிரித்தானிக் கரையைப் பார்க்கலாம். அங்கே கொங்கார்னோ என்னும் துறை சாளை மீனால் வாழ்ந்தது. 1902 தொடங்கிச் சில ஆண்டுகள் சாளை கரையை அணுகவில்லை. தகரத்தில் மீன் அடைக்கும் தொழிற்சாலைகள் முடங்கின, வீடுகளில் பட்டினி. 1905இல் ஊரார் கூடி, மீனவக் குடும்பங்களுக்குப் பணந் திரட்ட ஒரு விழா எடுத்தனர். சாளை பிடிக்கும் வலை நீல நிறமாதலால் அதற்கு ‘நீல வலைகள் விழா’ என்றே பெயர். அந்த விழா இன்றும் கோடையில் நடக்கிறது. அங்கே மீன் தானாக விலகியது. பாக்குக்குடாவில் கடலடியையே மனிதர் சுரண்டுகின்றனர் என்பதை மறக்கலாகாது.

மாலையில் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனோம். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. 1990இல் அறுந்த றெயில் பாதை 2015இல் திரும்பி வந்தது. கப்பல் மாத்திரம் வரவில்லை. துருப்பிடித்த இரும்புத் தூண்களுக்கு இடையே பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

பேசாலை வாலிபர்கள் எங்களை விடவில்லை. பகற் சோறு அவர்கள் வீட்டில்தான். மரக்கறி மாத்திரம் உண்போருக்கென்று தனியே பருப்பும் முருங்கைக்காயும் சமைத்திருந்தார்கள். மலையை ஒருநாளும் கண்டதில்லை என்றனர். ஆகவே வருகிற மாசி மகத்துக்கு, நமது முத்துமாரியம்மன் ஐந்து தேர் பார்க்க, பத்துப் பேரை அழைத்திருக்கிறோம். மூன்று இரவு தங்க இடம் வேண்டும். லயமாயினும் சரி, பட்டினத்து வீடாயினும் சரி, இடம் தரக்கூடியவர்கள் இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயரைக் கொடுத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.