காற்றுக்கு விலையில்லை, கடனுக்கு உண்டு



காற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆயினும் அதனை மின்சாரமாக்கும் சுழலிக்குப் பெரும் பணம் வேண்டும். அனல் நிலையத்துக்கு ஆண்டுதோறும் எரிபொருட் செலவு. காற்றாலைக்கோ செலவின் பெரும்பகுதி கட்டும்போதே வந்துவிடும். அதனாலேயே எம்போன்ற நாடுகள் நீண்ட தவணைக் கடனை நாடி அபிவிருத்தி வங்கிகளின் வாயிலில் நிற்கின்றன.

மன்னார்த் தீவின் தென்கரையைப் பாருங்கள். 'தம்பபவனி' எனப் பெயர்பெற்ற காற்றாலைக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2017 இல் 20 கோடி டொலர் கடன் வழங்க இசைந்தது. 30 சுழலிகள், 103.5 மெகாவாற் வலுவுடன் 2020 டிசம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. எரிபொருளுக்கு டொலர் தேடி அலைந்த நாடு தன் காற்றைப் பயன்படுத்துவதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் அக்கடனின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திற்று. அப்போதும் உலக வங்கிக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் உரிய தவணைகள் நிறுத்தப்படவில்லை. நாடு நொடித்துப்போன நாளிலும் தப்பாது இறுக்கப்படும் கடன் இது. இறுப்பவர் யார்? வரியும் மின்கட்டணமும் செலுத்தும் நீங்களே! இறுப்பவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டன்றோ?

அவ்வுரிமை வங்கியின் விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. வங்கி பணமளித்த திட்டத்தாற் பாதிக்கப்படுவோர் இருவர் சேர்ந்தாற் போதும், முறைப்பாடு செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். முதலில் திட்டத்துக்குப் பொறுப்பான வங்கிப் பிரிவினரிடம் முறையிட்டிருத்தல் வேண்டும். கடன் முடிவுத் திகதியிலிருந்து ஈராண்டு கடந்தால் அக்கதவு அடைபடும். அது நீதிமன்றமன்று, நட்டஈடு விதிக்காது. எனினும் வங்கி தன் விதியைத் தானே மீறியதா என்று விசாரிக்கும்.

2025 ஓகத்து மாதத்தில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். வெள்ளம் வடியும் வழி அடைபடும், கடற்றொழில் குன்றும் என்பன அவர்களுடைய முறையீடுகள். அவை தனியார் முதலீட்டில் எழுந்த திட்டங்கள். அபிவிருத்தி வங்கியின் பணம் சேராத திட்டத்துக்கு அவ்வங்கியின் கதவும் இல்லை. ஆதலால் கடனாயினும் முதலீடாயினும், மக்களின் கேள்விக்கு விடையளிக்கும் கடப்பாடு இந்நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெறல் வேண்டும் என்கிறோம்.

நாம் கேட்பவை மூன்று. ஒப்பந்தங்களும் சுற்றாடல் அறிக்கைகளும் தமிழில் முழுமையாக வெளியிடப்படல் வேண்டும். சுழலி நிற்குமிடம் முடிவாகுமுன் அவ்வூர் மீனவரையும் கமக்காரரையும் அழைத்துக் கேட்டல் வேண்டும். காற்றாலையின் வருவாயில் ஒரு பங்கு அவ்வூரின் வடிகாலுக்கும் வீதிக்கும் சட்டப்படி ஒதுக்கப்படல் வேண்டும்.

அன்பர்களே, தூண் எழுந்தபின் கூக்குரலிடுவதிலும், கையொப்பம் இடுமுன் பத்திரத்தை வாசித்துக் கேள்வி கேட்பதே வலிமை. ஊர்தோறும் அதற்கெனக் குழு அமையுங்கள். சட்டம் அறிந்த நாம் உங்கள் பக்கத்தில் நிற்போம்.