கணினி வரையும் கடைவாய்ப்பல்

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லின் மேல் போடும் உறையை மக்கள் ‘கேப்’ என்பார்கள். அதைக் கணினித் திரையில் வரைந்து, எந்திரத்தில் கடைந்தெடுப்பது பல ஆண்டு வழக்கம். அண்மைக் காலத்தில் வந்திருக்கும் மாற்றம், வரைகிற வேலையையும் செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொண்டதுதான். பல்லின் மேடு எங்கே, பள்ளம் எங்கே, எதிர்ப்பல் எந்த இடத்தில் தொட வேண்டும் என்பதையெல்லாம் மென்பொருளே தீர்மானித்து, சில நிமிடங்களில் முழு வடிவத்தையும் தந்துவிடுகிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய முறையைப் பார்க்க வேண்டும். மருத்துவர் பல்லைச் சுற்றிலும் சீவி, பசை போன்ற பொருளை வாயில் அழுத்தி அளவெடுப்பார். பல் லேபில் அதற்குள் ஜிப்சம் கலவையை ஊற்றி மாதிரி செய்வார்கள். மாதிரியின் மேல் மெழுகால் பல்லைச் செதுக்கி, அதைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகம் வார்ப்பார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகத் திருமேனி வார்ப்பதும் இதே மெழுகு முறையில்தான். பல் மருத்துவத்தில் இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான வில்லியம் டாகார்ட், ஆண்டு 1907. பின்னர் உலோகத்தின் மேல் பீங்கான் பூசும் முறை வந்தது. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: பல்லின் வடிவம் ஒரு மனிதரின் விரல்நுனியிலிருந்து வந்தது.

அந்த நிலை பின்னர் மாறத் தொடங்கியது. பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா டூரே, பல்லை ஒளியால் அளவெடுக்கலாம் என்ற கருத்தை 1970-களில் முன்வைத்தார். 1985 செப்டம்பரில் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மான், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பீங்கான் அடைப்பு ஒன்றைக் கடைந்து பொருத்தினார். அதற்கான கருவியை மார்க்கோ பிராண்டெஸ்தினி என்ற பொறியாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கியிருந்தார். அந்த முதல் கருவிக்கு மெல்லும் பரப்பை உருவாக்கத் தெரியாது. அதை மருத்துவரே கையால் தேய்த்துச் சீராக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த மென்பொருள்கள் பல்வடிவங்களின் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டன. லேப் டெக்னீஷியன் அதிலிருந்து ஒன்றை எடுத்து, இழுத்தும் அழுத்தியும் அந்த வாய்க்குப் பொருத்துவார். பொறுமை கேட்கிற வேலை அது.

செயற்கை நுண்ணறிவு நுழைந்தது இந்த இடத்தில். 2018-இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கிளைட்வெல் என்ற பல் ஆய்வகத்தாரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, இம்முறையை நன்கு விளக்குகிறது. டெக்னீஷியன்கள் முன்பே வடிவமைத்த ஏராளமான உறைகள், சீவிய பல், எதிர்ப்பல், பக்கத்துப் பல் ஆகியவற்றின் பதிவுகளுடன் கணினிக்குப் பாடமாகத் தரப்பட்டன. உள்ளே இரண்டு வலையமைப்புகள். ஒன்று பல்லை வரையும். மற்றது ‘இது மனிதர் செய்ததா, கணினி செய்ததா’ என்று சோதிக்கும். சோதிப்பவர் ஏமாறும்வரை வரைபவர் திருத்திக்கொண்டே போக வேண்டும். இதோடு ஆய்வாளர்கள் நின்றுவிடவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எந்த அளவு இடைவெளியில் சந்திக்கின்றன என்ற கணக்கையும் சேர்த்துக் கற்பித்தார்கள். அழகாக இருந்து மெல்ல உதவாத பல் வீண் என்பதை அறிந்த செயல் அது.

ஒற்றைக் கடைவாய்ப்பல்லைப் பொறுத்தவரை இந்தக் கலை தேறிவிட்டது என்றே சொல்லலாம். இருபுறமும் பல், எதிரிலும் பல் இருந்தால் மென்பொருளுக்குத் தடுமாற்றம் குறைவு. பல பற்கள் ஒருசேரப் போன வாயிலும், சிரிக்கும்போது தெரியும் முன்பற்களிலும் நிலைமை வேறு. அங்கே உதட்டின் கோடு, முகத்தின் அமைப்பு, வயது எல்லாம் பார்த்து முடிவெடுக்க ஆள் தேவை.

கேப்பின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் விளிம்பு. உறைக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு வரை இடைவெளி இருக்கலாம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. அதை மீறினால் ஒட்டுப்பசை கரைந்து, உள்ளே மீண்டும் சொத்தை பிடிக்கலாம். சீவிய விளிம்பு ஈறுக்குள் மறைந்திருந்தாலோ, ஸ்கேன் எடுக்கும்போது ரத்தமோ எச்சிலோ நின்றிருந்தாலோ, மென்பொருள் அந்த இடத்தை ஊகித்து நிரப்பிவிடும். திரையில் கோடு வழுவழுப்பாகத் தெரியும். வாயில் அந்த இடத்தில் கேப் உட்காராது. மருத்துவரின் கை செய்த தவறை மென்பொருள் திருத்துவதில்லை. மறைக்க வேண்டுமானால் அதனால் முடியும்.

வெற்றிலைபாக்கு போட்டே பழகிய வாய்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பாக்கு மென்று மென்று கடைவாய்ப்பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருக்கும். பாடமாகக் கொடுத்தவை பெரும்பாலும் கூரிய மேடுள்ள இளம்பற்களாக இருந்தால், அறுபது வயதுக்காரருக்கும் இருபது வயதுப் பல்லையே கணினி வரையும். மற்ற பற்கள் சமதளமாக இருக்க, ஒரு பல் மட்டும் முனையோடு நின்றால், தாடை பக்கவாட்டில் அசையும்போதெல்லாம் இடிபடும். இதைக் கண்டு திருத்த, பல்லின் வடிவம் மனத்தில் பதிந்த ஒருவர் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். பல் மருத்துவ மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே மெழுகுக்கட்டியில் பல் செதுக்கக் கற்றுத் தருகிறார்கள்; கணினி வந்தபின் அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

நிறத்திலும் வடிவமைப்பு மென்பொருளால் பெரிதாக உதவ முடிவதில்லை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையும் வெண்புள்ளியும் படிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கேப் பொருந்தாது. சிர்கோனியா என்னும் பீங்கான் வகையைச் சுருக்கத்துக்கு இடம்விட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகவே கடைவார்கள். ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பத்தில் சுட்டதும் அது உரிய அளவுக்குச் சுருங்கும். அதன்பின் தூரிகையால் சாயம் தீட்டி, பக்கத்துப் பல்லோடு இணங்க வைப்பது இன்றும் கைவேலை.

கெங்கவல்லி, தம்மம்பட்டி போன்ற சிற்றூர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தால் கிடைக்கும் பெரிய நன்மை தொலைவு குறைவதே. அளவெடுத்த அச்சைப் பார்சல் கட்டி வெளியூர் லேபுக்கு அனுப்பினால், வழியில் அது சுருங்கலாம், நசுங்கலாம். வாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேன் கோப்புக்கு அந்தப் பயமில்லை. சேலத்துக்கோ சென்னைக்கோ, கேரளத்தின் மூவாற்றுப்புழையில் உள்ள பெரிய லேபுக்கோ நொடியில் போய்விடும். ஆனால் ஸ்கேனர் விலை உயர்ந்தது. எல்லாச் சிற்றூர் மருத்துவமனைகளும் அதை வாங்கிவிட முடியாது. பல் மருத்துவரோடு, லேபில் பல் செய்யும் ‘டென்டல் மெக்கானிக்’கையும் பதிவுபெற்ற தொழிலராக 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் ஏற்றது. கோப்பு எந்த ஊருக்குப் போனாலும் அப்படி ஒருவரின் கண் அதன்மேல் பட வேண்டும்.

கேப்பை ஒட்டுவதற்கு முன் மருத்துவர் நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். அப்போது பல் சற்று உயரமாகத் தோன்றினால் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிட வேண்டும். மரத்த வாயில் அது தெரியாமல் போய், வீட்டில் சோறு மெல்லும்போது இடித்தால், பழகிவிடும் என்று விடாமல் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். சில நிமிடத் தேய்ப்பில் சரியாகிவிடும்.