மூக்கும் நகையும்



தமிழில் மூக்கு மானத்தின் மறுபெயர். அவமானமுற்றவனை மூக்கறுபட்டவன் என்பர். வாதில் தோற்றவன் மூக்குடைபட்டவன். வியப்பு வந்தால் விரல் மூக்கின்மேல் ஏறுகிறது. சினமோ அதன் நுனியிலேயே குடியிருக்கிறது. சூர்ப்பணகையின் மூக்கு அறுபட்ட இடத்தில்தான் இராமகாதை போரை நோக்கித் திரும்புகிறது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரைக்கும் மைசூருக்கும் நிகழ்ந்த போரொன்று மூக்கறுப்புப் போர் என்றே பெயர் பெற்றது.

பகைவனுடைய வாளுக்கு இரையாகாமல், மருத்துவருடைய கத்திக்கு, அதுவும் நலம் பெறும் பொருட்டே, அந்த மூக்கில் ஒரு பகுதியை ஒருவர் கொடுக்க நேர்ந்தால் என் செய்வார்? சிரிக்கலாம், நன்றியும் சொல்லலாம். அப்படிச் செய்தவர் உளர்.

தோல் புற்றுநோய்களுள் வெண்ணிறத்தாரிடையே மிகுதியாகக் காணப்படுவது பேசல் செல் கார்சினோமா என்னும் வகை. வெயிலின் புற ஊதாக் கதிரே அதற்குத் தலையாய காரணம். ஆதலின், முகத்தில் எல்லாவற்றிற்கும் முந்திக்கொண்டு வெயிலில் நிற்கும் மூக்கு அதற்கு உவப்பான இடம். முத்துப்போல் மின்னும் சிறு பருவாகவோ, ஆறியும் ஆறாமலும் இருக்கும் புண்ணாகவோ அது தொடங்கும். உடலின் பிற இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆயினும் கவனியாது விட்டால் இருந்த இடத்தையே அரித்துத் தின்றுவிடும்.

இதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஃபிரெடரிக் மோஸ் 1930களில் ஒரு வழி கண்டார். மெல்லிய அடுக்கொன்றை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது. புற்று எஞ்சியிருக்கும் திசையில் மட்டும் அடுத்த அடுக்கை அறுப்பது. இன்று அவர் பெயரால் வழங்கும் அம்முறையில், மரத்துப்போன மூக்கின்மேல் கட்டுடன், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரைப்போல் நோயாளி ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருக்க வேண்டும்.

குழி பெரிதானால் நெற்றித் தோலை ஒரு நாக்குப்போல் அறுத்து, புருவத்தருகே அடிப்பகுதியை ஒட்டியவாறே விட்டு, திருப்பி இறக்கி மூக்கில் தைப்பர். இரத்த ஓட்டம் அவ்வழியே வருவதால் ஏறத்தாழ மூன்று வாரம் அந்தத் தோற்பாலம் முகத்தில் தொங்கும். கண்ணாடி முன் நிற்பவருக்கு விநாயகர் நினைவு வராமற் போகாது. விந்தை அதனோடு முடிவதில்லை. புது மூக்கில் ஈ அமர்ந்தால் தொடக்கத்தில் நெற்றியில் அமர்ந்ததாகவே தோன்றும். தலைமயிரின் எல்லைவரை தோல் எடுத்திருந்தால் மூக்கு நுனியில் மயிர் முளைக்கும். சவரக் கத்திக்கு ஒரு புதிய வேலை.

நடிகர் ஹியூ ஜாக்மன் 2013ஆம் ஆண்டு மூக்கில் கட்டுடன் தம் படத்தை உலகுக்குக் காட்டினார். அழகையே தொழில் முதலாகக் கொண்டவர் அவர். மூக்கிலிருந்த தழும்பை மருத்துவரிடம் காட்டச் சொன்னவர் அந்நாளில் அவர் மனைவியாக இருந்த அம்மையார். அவர் சொன்னதே சரி என்று ஒப்பி, தம்மை அறிவிலி என்று தாமே நகையாடி, பிறரும் சோதித்துக்கொள்ள வேண்டினார். அதன் பின்னரும் அவருக்குப் பலமுறை அறுவை நேர்ந்தது.

நகைக்குக் காரணங்களுள் ஒன்றாக எள்ளலைத் தொல்காப்பியம் வைத்தது. பிறரை எள்ளுவது எளிது. தன்னையே எள்ளுபவனை அதற்குமேல் யார் எள்ள முடியும்? ஊர் சிரிக்கும் முன்னே தான் சிரித்துவிட்டவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க ஒன்றுமில்லாதவனே மருத்துவரிடம் காலத்தே செல்கிறான். நகைச்சுவை இங்கே மருந்தின் ஒரு பாகமாகிறது.

இனி நன்றி. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படைக்கு வண்டிமாடு ஓட்டிய மராட்டியர் ஒருவர் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தார். கவாஸ்ஜி என்று அவர் பெயரை ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். ஓராண்டு மூக்கின்றி இருந்த அவருக்குப் புனே அருகே செங்கல் சூளைக் குலத்தார் ஒருவர், மெழுகால் மூக்கு வடிவம் செய்து, அதை நெற்றியில் தட்டையாகப் பரப்பி அளவு குறித்து, அத்தோலை அறுத்து இறக்கிப் புது மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் அங்கே அதைச் செய்து காட்டினார். கட்டு அவிழ்த்தபோது உடனிருந்தவர் மூக்கு வந்துவிட்டதெனக் கூவினாராம்.

சுசுருதரின் நூலிலேயே மூக்கமைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஆயினும் நூலுக்கும் லண்டனுக்கும் இடையே அக்கலையைக் கையில் காத்து வைத்திருந்தவர் அந்தச் சூளைக்காரர். மாட்டுக்காரரின் பெயர் நின்றது; அவரைச் செப்பனிட்டவரின் பெயர் அச்செய்தியில் இல்லை. இன்று சிட்னியிலோ நியூயார்க்கிலோ புற்று நீங்கி நெற்றித் தோலால் மூக்குப் பெறும் ஒவ்வொருவரும் அந்தப் பெயரறியாத் தமக்கையோ தமையனோ போன்ற ஒருவர்க்குக் கடன்பட்டவரே.

கவிஞர் பெருமக்களே, மூக்கறுபட்டவர் என்ற சொல்லில் நூற்றாண்டுகளின் ஏளனம் படிந்திருக்கிறது. ஆறாத புண்ணை மேல்துண்டாலும் முந்தானையாலும் மறைத்து நாள் கடத்தச் செய்வதும் அந்த ஏளனத்தின் அச்சமே. மூக்கு அறுபட்டும் தலைநிமிர்ந்து சிரித்தவர்களைப் பாட்டில் ஏற்றினால் அச்சொல்லின் நஞ்சு இறங்கும். மூக்கில் அணிவதும் நகை. துன்பத்தில் பூப்பதும் நகை. இரண்டாவதைக் கத்தியால் அறுக்க இயலாது.