கோலம் போடும் பெண்ணுக்கு என்ன வாங்கித் தருவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளன் என்றால் பாலம், பம்ப்செட் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் கோலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, பின்னால கணக்கும் வருது.

என் பையன் ஏழாவது படிக்கிறான், பெண் ஆறாவது. அவளுக்குக் கோலம் என்றால் உயிர். மார்கழிக்குக் காத்திருக்க மாட்டாள். மழை பெய்தால் திண்ணையில் போடுவாள். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வருவார்கள். சென்னையிலிருந்து வரும் நண்பர்கள், "இன்ஜினியர் வீட்டுப் பொண்ணு இன்னும் மாவைக் கையில வெச்சிருக்கே, ஒரு ரோபோ கிட் வாங்கித் தரக்கூடாதா?" என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள், "கை எப்படி வருது பாரு! போற வீட்டுல நல்ல பேரு வாங்குவா" என்பார்கள். எனக்கு இரண்டாவது வகையிடம்தான் பயம். முதல் ஆள் கேலி செய்கிறார், பதில் சொல்லிவிடலாம். இவர் பாராட்டிக்கொண்டே அவள் ஆசையைக் கொண்டுபோய்க் கல்யாணத் தகுதியில் சேர்த்துவிடுகிறார்.

"பொம்பளைப் புள்ளைக்குத் தானா வரும்" என்ற பேச்சும் உண்டு. தானாக எதுவும் வரவில்லை. கோடு கோணிக்கொண்டு போய், அழித்து அழித்துப் போட்டாள். அமெரிக்காவில் ஸ்பெல்லிங் பீ போட்டியில் 1985இல் பாலு நடராஜன் வென்றார், 1999இல் நூபுர் லாலா. அதற்கப்புறம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் ஜெயித்தால், "அவங்க அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை ராத்திரி பகலாகப் படித்த உழைப்பு பிறப்பின் கணக்கில் வரவாகிவிடுகிறது. வாசலிலும் அதே கதைதான். பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் மட்டும் யாரும் அதற்கு ஒரு விளக்கம் தேடுவதில்லை!

வீட்டில் நானும் என் மனைவியும் ஒன்று முடிவு செய்தோம். கோலம் அவள் விளையாட்டு, அவள் வேலை அல்ல. வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கு வாசல் வெறுமனே கிடக்கும். பெருக்கித் தண்ணீர் தெளிப்பது பையன் பொறுப்பு. என் அம்மா, "ஆம்பளைப் புள்ளை வாசல் தெளிக்கிறதா, தெருவே பாக்குதுடா" என்றார்கள். தெரு ஒரு வாரம் பார்த்தது. அப்புறம் அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.

ரோபோ கிட் வாங்கவில்லை. கட்டம் போட்ட நோட்டு வாங்கித் தந்தேன். தெருவில் உள்ள பாட்டிமார்களிடம் கேட்டு, "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று எழுதிவைத்துக்கொள்கிறாள். யார் சொன்னது என்று பெயரும் எழுதுகிறாள்.

இப்போ கணக்கு. நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடு வெட்டிப் போகிற சாதாரணச் சிக்குக் கோலம். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி என்றால், கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். நாலுக்கு நாலு வைத்தால் நாலு கம்பி. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பி! அவள் போட்டுப் போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். அந்தக் காரணியின் பெயரை மட்டும்தான் நான் சொன்னேன்.

பெரியவர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள்.

சென்னை நண்பர்களிடம் இதைச் சொன்னதும், "அப்படின்னா சரி" என்று தலையாட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு இல்லாமல் போனால் கோலம் மட்டமாகிவிடுமா? அழகாக இருக்கிறது, அதனால் போடுகிறேன் என்று அவள் சொன்னாலும் நோட்டு வாங்கித் தருவேன்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 30 குடும்பு, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்று எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். (எனக்கு இப்போதுதான் வயதுத் தகுதி வந்திருக்கிறது!) சுவரில் எழுதியதை 1100 வருஷமாகப் படிக்க முடிகிறது. வாசலில் எழுதுவது பத்து மணிக்குள் சைக்கிள் சக்கரத்தில் போய்விடுகிறது. பாட்டிமார் மனசில் இருப்பதும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த நோட்டை நான் பெட்டியில் பூட்டி வைக்கிறேன்.

கடைசியாக, கணிதத் துறைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நேர்ப்புள்ளிக்கு விடை கிடைத்துவிட்டது. ஊடுபுள்ளியில் போட்டுப் பார்க்காமலே எத்தனை கம்பி என்று சொல்ல வழி உண்டா என்று என் பெண் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். அவளும் வந்திருக்கிறாள், நோட்டும் கையில் இருக்கிறது.