இரண்டு மழைக்கு நடுவே ஒரு தார்த்தளம்

(நாகர்கோவிலில் வணிகர்கள், தங்கும் விடுதி மற்றும் திருமண மண்டப உரிமையாளர்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம நாஞ்சில் நாட்டில் வயலுக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. காரணம், நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. வயலுக்கு இது வரம். ஆனால் உங்க கடை முன்னாடியும் மண்டபத்துக்குப் பக்கத்திலும் தார் போட்டு வைத்திருக்கிற வாகன நிறுத்துமிடத்துக்கு, வருஷத்தில் இரண்டு சோதனை.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால், ஒரு மண்டப உரிமையாளர் தன் நிறுத்துமிடத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். புரட்டாசி மாதம். நுழைவாயில் பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தார் பெயர்ந்திருந்தது. "சாரே, இப்பவே பார்க்கணுமா, மழை விட்ட பிறகு மொத்தமா செய்யலாமா?" என்று கேட்டார். "சின்னக் குழிதானே, தை மாசம் பார்த்துக்கலாம்" என்றேன். கார்த்திகையில் ஒரு கல்யாணம். ராத்திரி நல்ல மழை. உள்ளங்கைக் குழி முறம் அகலத்துக்கு ஆகியிருந்தது. தண்ணி நிறைந்து நின்றதால் குழி இருப்பதே தெரியவில்லை. மகன் ஓட்டி வந்த ஸ்கூட்டரின் பின்னால் இருந்த ஒரு அம்மா விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. அந்தக் குழியை அன்றைக்கே அடைத்திருந்தால் அரை நாள் வேலை. அதனால்தான் இன்றைக்கு உங்க முன்னால் நிற்கிறேன்.

தார்த்தளம் ஏன் கெடுகிறது? வெயில் படப் படத் தாரின் பசை போய் இறுகும். இறுகினால் மயிரிழை போல விரிசல் விடும். அதன் வழியே மழைத்தண்ணி அடியில் இருக்கிற ஜல்லிப் படுகைக்குள் இறங்கும். படுகை நனைந்து தளர்ந்த பிறகு மேலே சக்கரம் ஏறினால் தளம் அமுங்கும், உடையும், குழியாகும். டீசலும் ஆயிலும் சொட்டுகிற இடத்தில் தார் கரைந்து ஜல்லி தனித்தனியாக வந்துவிடும். ஆக, விரிசலையும் தேங்கும் தண்ணியையும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த மாசம் என்ன செய்யணும்?

மாசி, பங்குனி: பெரிய வேலைக்கான காலம். தளம் உலர்ந்திருக்கும். மேல்பூச்சு, புதுத் தளம் எல்லாம் இப்போது.

சித்திரை, வைகாசி: முதல் மழைக்கு முன் ஓடை, வடிகால், கம்பி மூடி எல்லாவற்றிலும் மண்ணையும் சருகையும் வாரிவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசி: இரண்டு மழைக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி. பலரும் தவறவிடுவது இதைத்தான். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, விரிசலைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, தூசியை ஊதி, தார் எமல்ஷன் ஊற்றி, மேலே மணல் தூவுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: அவசர வேலை மட்டும். சூடாக்கத் தேவையில்லாத, சாக்கில் வரும் குளிர்கலவையால் குழியை அடைக்கலாம். அது தற்காலிகம்தான். சபரிமலைக் காலத்தில் கன்னியாகுமரிக்கு வரும் பஸ்கள் இரவு முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் காங்கிரீட் தளம் போடுவது நல்லது.

குழி அடைக்க ஒரு முறை உண்டு. குழிக்குள் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டினால் அடுத்த மழைக்கு வந்துவிடும். குழியைச் சுற்றி உறுதியான பகுதி வரை சதுரமாக, ஓரம் செங்குத்தாக இருக்கும்படி வெட்டணும். தளர்ந்த ஜல்லியையும் தண்ணியையும் எடுக்கணும். அடியிலும் ஓரத்திலும் எமல்ஷன் பூசணும். கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கணும். ரோடு வேலையில் மீந்த கலவை சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ஏறக்குறைய 90 டிகிரிக்குக் கீழே ஆறிய கலவை மேல் ரோலர் ஓட்டியும் இறுகாது.

பழைய தளத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தாதீர்கள். தளம் உயர்ந்தால் தண்ணி உங்க கடைக்குள்ளேயே வரும், இல்லை பக்கத்து வீட்டுக்குள் போகும். பழைய மேல்தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகச் சாலை போடணும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அதே நியாயம் உங்க இடத்துக்கும் பொருந்தும். வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் தண்ணி நிற்காது. கூரைத் தண்ணியை மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். நிறுத்துமிடத் தண்ணியில் ஆயில் கலந்திருக்கும். அதை நேராகக் கிணற்றுக்கோ குளத்துக்கோ விடக் கூடாது.

இனி உங்க கையில் இருக்கிற போன். மழை விட்டதும் ஒரு மணி நேரம் கழித்து, தண்ணி எங்கெல்லாம் நிற்கிறதோ அதைப் படம் எடுங்கள். விரிசல் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் எடுத்து ஒப்பிட்டால், விரிசல் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரரிடம் பேசும்போதும் அந்தப் படங்கள் உதவும். கனமழை எச்சரிக்கையை 'டிஎன் அலர்ட்' செயலியில் பாருங்கள். அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. 2017 நவம்பர் 30 ஒக்கியையும், 2021 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த நமக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கணும். உங்க வாசலுக்கு வெளியே நெடுஞ்சாலைத் துறை சாலையில் குழி இருந்தால், 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு புகார் பதியலாம். மற்ற குறைகளுக்கு முதல்வரின் முகவரி உதவி மையம், 1100.

வெளியே இருக்கிற குழிக்கு அரசிடம் கேட்கிறோம், கேட்கணும். உள்ளே இருக்கிற குழிக்கு நாமதான் பதில் சொல்லணும். இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் உங்க இடத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். உள்ளங்கை அளவு குழி கண்ணில் பட்டால், 'தை மாசம் பார்த்துக்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.