புறாத்தீவு

கிரானிலிருந்து வாழைச்சேனை, வாகரை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் பிரயாணி, திருகோணமலையைக் கடந்து நிலாவெளியை அடைகிறான். அங்கே கரையினின்று ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில், கற்பாறைகள் சூழக் கிடப்பது புறாத்தீவு. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியிலே அத்தீவு சுடும் பயிற்சிக்கு இலக்காயிருந்தது. பின்னர் 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அது பாதுகாப்புப் பெற்றது.

தெளிந்த நீரடியிலே பவளப் பாறைகளும், அவற்றினிடையே துடுப்பு நுனி கறுத்த சுறாக்களும் காணப்படும். பவளம் கல்லாகத் தோன்றினும், சிற்றுயிர்கள் பல்லாண்டுகள் முயன்று கட்டிய வீடே அது. காண வருவோர் அதன்மேற் கால் ஊன்றினால் நொடியில் ஒடிந்துவிடும். குண்டுக்குத் தப்பிய தீவை விருந்தினர் மிதித்து அழிக்கலாமா? நீரில் மிதந்தவாறே கண்டு மகிழ்ந்து திரும்புதலே நன்று.